கவிழ்த்து வைத்த துரும்பு

"தம்பி, துரும்பு என்ன முட்டை இடுதோ? தூக்கித் தூக்கிப் பாக்கிறியள்?"

பேனாட் அப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். ராகுலனும் சிரித்தார். சிரித்துவிட்டு, மேசையில் கவிழ்த்து வைத்திருந்த தன்னுடைய துரும்பின் நுனியை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்.

அது நாலாவது முறை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரொறன்ரோவில் எங்கள் மல்வேர்ன் வீட்டில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவது எங்கள் வழக்கம். நானும் என் மருமகன் ராகுலனும் ஒரு பக்கம். என் கணவர் மரியரட்ணமும் அவருடைய தம்பி பேனாட்டும் மறுபக்கம். இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வியைக் கூடக் கேட்டவர் ஒரு கடதாசியை, மற்ற இனங்களை வெட்டும் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அது என்ன இனம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களில் ஒருவர் போட வேண்டிய இனம் கையில் இல்லாமல் வேறொரு கடதாசியைக் கவிழ்த்துப் போட்டால், துரும்பு வைத்தவர்தான் அதை எடுத்துப் பார்த்து, துரும்போ இல்லையோ என்று சொல்ல வேண்டும். அவர் சொல்வதை மற்ற மூன்று பேரும் நம்ப வேண்டும். அதனால்தான் இந்த விளையாட்டில் இவ்வளவு சண்டை.

பேனாட் போன பிறகு, கணவர் என்னைக் குசினிக்குள் மறித்தார்.

"தன்ர துரும்பைத் தானே மறப்பாரோ ஒருத்தர்? உவர் அதை மாத்திறார். மடியில ஒண்டு வைச்சிருக்கிறார்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. அந்தப் பிள்ளை கள்ளம் விளையாடாது."

"அப்ப ஏன் தூக்கிப் பாக்கிறார்? சொல்லும் பாப்பம்."

ஒரு காலத்தில் ராகுலன் எல்லோருடைய கையையும் தலைக்குள் வைத்திருப்பவர். "மாமி, கிளாவர் பத்து உங்களிட்டைத்தான் இருக்கு, ஒளிக்காதேங்கோ" என்பார். இருக்கும்.

ராகுலனின் தொழில் ரக்பி லீக். ஒன்பது வருஷமாக அதுதான் அவருடைய சம்பளம். பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் செய்த பிள்ளை. ரொறன்ரோவில் நடந்த ஒரு தெரிவுக்கு நானூறு பேர் போன இடத்தில் எடுபட்ட மூவரில் ஒருவர். பிறகு இங்கிலாந்தின் வடக்கே, இரண்டாம் பிரிவில் விளையாடும் ஒரு கழகம் அவரைக் கூப்பிட்டது. மாசியில் போவார், புரட்டாதி முடியத் திரும்பி வருவார். எங்கள் மகள் ஜெனாட் அஜின்கோர்ட்டில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்துகொண்டு, கலியாணம் கட்டிய ஆறு வருஷத்தில் பாதியைத் தொலைபேசியில் கழித்தவள்.

அவர் முதன்முதல் வீட்டுக்கு வந்த நாளில் பேனாட் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் காதில் நிற்கின்றன.

"நான் கொழும்பில றகர் கனக்கப் பாத்தனான், தம்பி. அதுதானே இது?"

"இல்லை அங்கிள். அதில பதினைஞ்சு பேர், இதில பதின்மூண்டு. பந்தோட ஓடுறவனை விழுத்தினா, அவன் எழும்பித் திருப்பி விளையாடலாம். அஞ்சு தரம். ஆறாந்தரமும் விழுத்தினா பந்தை மற்றப் பக்கத்துக்குக் குடுக்கவேணும்."

"நீங்கள் ஓடுறனீங்களோ?"

"நான் விழுத்திறனான். ஒரு மட்சுக்கு நாப்பது தரம் விழுத்துவன்."

"எதால?"

"தோளால, அங்கிள்." சற்று யோசித்துவிட்டு, "சிலவேளை தலையும் படும்" என்றார்.

அதற்கும் அன்று சிரித்தோம்.

இந்தப் புரட்டாதியில் அந்த ஒப்பந்தம் முடிந்தது. ராகுலனுக்கு முப்பத்திரண்டு வயது. இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று நாங்கள் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்தபோது, முதலாம் பிரிவில் விளையாடும் ஒரு கழகம் இரண்டு வருஷத்துக்குக் கேட்டது. ஜெனாட்டும் கூடப் போகலாம், வீடும் தருவார்கள். ஒரேயொரு நிபந்தனை: கழகம் நியமித்த டொக்டர் ஒருவர் டவுன்ரவுனில் இருக்கிறார், அவர் முழங்கால், தோள், இருதயம், தலை எல்லாம் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை. ஜெனாட் அந்தத் திகதியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, சுற்றிச் சிவப்பில் கோடு போட்டிருந்தாள்.

துரும்பை நாலு முறை தூக்கிப் பார்த்த ஞாயிறுக்கும் அந்தப் புதனுக்கும் நடுவில் பத்து நாள் இருந்தது.

திங்கட்கிழமை வெங்காயம் எடுக்கக் கராஜுக்குப் போனேன். ராகுலன் காருக்குள் இருந்தார். கார் ஓடவில்லை. கண்ணாடி நாலும் ஏற்றியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தார். ஆரோடோ கதைக்கிறார் என்று பார்த்தால், கையிலும் காதிலும் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் தட்டினேன். பேயைக் கண்டவர்போலத் துள்ளினார்.

"மாமி! சும்மா... பாட்டொண்டு பாடிப் பாத்தனான்."

"ரேடியோ போடாமலோ?"

"ஓம்."

"பூட்டின காருக்குள்ளயோ?"

"குளிர் எல்லே, மாமி."

ராகுலனுக்குப் பாட்டு வராது. தன்னுடைய கலியாணத்திலேயே நண்பர்கள் ஒலிவாங்கியைக் கொடுத்தபோது மேசைக்குக் கீழே ஒளித்தவர்.

புதன்கிழமை அவருடைய காற்சட்டையைத் தோய்க்கப் போடும்போது பையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. ஆங்கிலத்தில், ஒரு வரிக்கு ஐந்து சொல்லாக ஆறு வரி. முதலாவது வரியில் விளக்கு, ஆறு, பொத்தான், தேன், பாலம் என்று இருந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. கணவரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு, யன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"உது ரகசிய கோட்."

"என்ன கோட்?"

"பெட்டிங். விளக்கு எண்டா தோக்கிறது. ஆறு எண்டா வெல்லுறது. கிரிக்கெற்றில உப்பிடித்தான் பிடிச்சவை, ரீவியில பாத்தனான்."

"அவர் இப்ப ஒரு அணியிலயும் இல்லையே. எந்த மட்சை விக்கிறது?"

"வரப்போற மட்சை. அதுதான் எங்களோட இருந்து தோக்கப் பழகிறார்."

"உங்களுக்கு மூளை பிசகிப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் துண்டைப் பிடுங்கினேன். ஆனால், குசினிக்குள் வந்ததும் அதை நான்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுத்து சாய்ந்து, வாலெல்லாம் உள்பக்கம் சுருண்டிருந்தது. இந்தச் சுருளை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். தலையைத் தூக்கினால் குளிர்சாதனப் பெட்டியில் சிவப்புக் கோட்டுக்குள் அதே சுருள். 'மெடிக்கல்' என்று ஜெனாட் எழுதி வைத்தது.

அன்று அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னரே கேட்டேன்.

"இது ஆற்ற எழுத்து?"

"எது? ஆ, அது... குப்பையில போடுங்கோ, அம்மா."

"உன்ர எழுத்து."

"நீங்கள் என்ன பொலிசோ?"

"பொலிஸ் எண்டா உன்னை முதலே பிடிச்சிருக்கும். நீங்கள் ரெண்டு பேரும் எதையோ மறைக்கிறியள். என்ன அது?"

"ஒண்டுமில்லை. வாற புதன் மட்டும் பொறுங்கோ. பேந்து சொல்லுறன்."

"பேந்து சொல்லேக்க நீங்கள் பிளேனில இருப்பியள்."

அவள் சப்பாத்தோடேயே படியேறினாள். எங்கள் வீட்டில் ஒருவரும் சப்பாத்தோடு படியேறுவதில்லை.

அடுத்த ஞாயிறு வந்தது. நான் றோல்ஸ் பொரித்தேன். பெரிய தட்டு நிறையப் பொரித்தேன். அந்தத் தட்டில் எனக்கு வேறு வேலை இருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் ராகுலன் கூடக் கேட்டார். கையைப் பார்த்து, ஒன்றை உருவி, துரும்பாகக் கவிழ்த்து வைத்தார். நான் றோல்ஸ் தட்டைத் தூக்கி, சரியாக அதன்மேல் வைத்தேன்.

"மாமி, தட்டு துரும்புக்கு மேல..."

"சூடு ஆற முதல் எல்லாரும் சாப்பிடட்டும். துரும்பு எங்கயும் ஓடாது."

அவர் தட்டைப் பார்த்தார். கையை நீட்டினார். பேனாட் றோல்ஸ் ஒன்றை எடுத்து அவருடைய கைக்குள் வைத்தார். ஆட்டம் தொடங்கிவிட்டது.

நாலு சுற்றுவரை நாங்கள்தான் வென்றோம். ஐந்தாவதில் பேனாட்டிடம் போட வேண்டிய இனம் இல்லை. ஒரு கடதாசியைக் கவிழ்த்துப் போட்டார். ராகுலன் அதை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"என்ன தம்பி, காதல் கடிதமோ? கெதியாச் சொல்லுங்கோ" என்றார் பேனாட்.

"துரும்பு இல்லை" என்றார் ராகுலன். கடதாசிகளை எங்கள் பக்கம் இழுத்தார்.

நான் தட்டைத் தூக்கினேன். என் பக்கம் வென்றுகொண்டிருந்த ஆட்டத்தை நானே குழப்பினேன். துரும்பைப் புரட்டினேன்: இஸ்கோப்பன் இனம். பேனாட் கவிழ்த்துப் போட்டதைப் புரட்டினேன். அதுவும் இஸ்கோப்பன்.

"கள்ளன் பிடிபட்டான்!" பேனாட் மேசையில் அடித்தார். றோல்ஸ் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"நான் சொன்னனான் எல்லே! போன கிழமையே சொன்னனான்!" என்றார் என் கணவர்.

ராகுலன் சிரிக்கவில்லை. அந்த இஸ்கோப்பனை, வேறு ஆரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கிளாவர்தான் வைச்சனான்" என்றார். "கிளாவர் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்துக்கொண்டிருந்த ஜெனாட் திரும்பினாள். "விளையாட்டில ஆரும் மறக்கிறதுதானே. ஏன் எல்லாரும் அவரைப் போட்டு..."

நான் துண்டுக் கடதாசியை எடுத்து, சொற்கள் கீழே இருக்கும்படி மேசையில் வைத்தேன்.

"அப்ப இதைச் சொல்லுங்கோ, தம்பி. முதலாவது வரி. பாக்காமல்."

"அம்மா!"

"நீ பேசாமல் இரு, பிள்ளை."

"லாம்ப்" என்றார் ராகுலன். "றிவர்." நெற்றியை விரலால் அழுத்தினார். "றிவர்..."

கேத்தில் கொதித்துத் தானாக நின்றது.

ஜெனாட் வந்து அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "ஓகே, நான் சொல்லுறன். அடி பட்டால் தலைக்குச் சோதினை வைப்பினம். டொக்டர் அஞ்சு சொல்லு வாசிப்பார். வேற என்னவோ கேட்டுப்போட்டு, கொஞ்ச நேரத்தால அந்த அஞ்சையும் திருப்பிச் சொல்லச் சொல்லுவார். மொத்தமா ஆறு வரிதான். அந்த ஆறும் விளையாடுற எல்லாற்ற கையிலயும் இருக்கு. நான் எழுதிக் குடுத்தனான், அவர் பாடமாக்கிறார். அவ்வளவுதான். நாங்கள் ஒருத்தரையும் கொலை செய்யேல்லை."

"பெட்டிங் இல்லையோ?" என்றார் என் கணவர். குரலில் சின்ன ஏமாற்றம்.

"மாமா, வேற ஒரு கள்ளமும் இருக்கு" என்றார் ராகுலன். "சீசன் துவங்க முதல், தலை நல்லா இருக்கேக்கயும் இந்தச் சோதினையை ஒருக்கா வைப்பினம். பேந்து அடிபட்டால் அந்தப் புள்ளியோட ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு. அதில நாங்கள் எல்லாரும் வேணுமெண்டு பிழை விடுவம். அஞ்சும் தெரியும், மூண்டுதான் சொல்லுவம். அப்பதான் அடிபட்ட பிறகு மூண்டு சொன்னாலும், இவன் எப்பவும் இப்பிடித்தான் எண்டு திருப்பி இறங்க விடுவினம். நான் எட்டு வருசமா மூண்டுதான் சொல்லுறனான்."

"கெட்டிக்கார வேலை" என்றார் பேனாட்.

"போன வருசக் கடைசி மட்சில ஒருத்தன்ர முழங்கால் இஞ்ச பட்டது." காதுக்குப் பின்னால் தொட்டார். "ஒருத்தரும் காணேல்லை. நானும் சொல்லேல்லை. ஆனா எனக்குப் பயம் வந்திட்டுது. அதால இந்த மாசிச் சோதினையில வேணுமெண்டு பிழை விடேல்லை. எனக்காக, எனக்கு மட்டும் தெரியவேணும் எண்டு, உண்மையா முயற்சி செய்தனான்."

நான்தான் கேட்டேன்.

"எத்தினை வந்தது?"

"மூண்டு. டொக்டர் சிரிச்சுக்கொண்டு எழுதினார், எப்பவும்போலத்தான் எண்டு."

ஜெனாட்டின் கை கதிரைச் சட்டத்திலிருந்து கழன்றது.

"நீ எனக்குச் சொல்லேல்லை" என்றாள். "எல்லாரும் செய்யிறது எண்டுதானே சொன்னனீ. நான் இருந்து வடிவா எழுதி எழுதித் தந்தனான், ராகு."

"சொல்லியிருந்தா எழுதியிருக்கமாட்டாய்."

பேனாட் சத்தமில்லாமல் கடதாசிகளைப் பொறுக்கிக் கட்டாக்கினார். அவர் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

"புதன்கிழமை நானே டொக்டரிட்டைச் சொல்லுறன்" என்றார் ராகுலன். "அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் செய்யாதேங்கோ."

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். ஆனால் நான் நம்பவில்லை. அவர் பொய்யர் என்பதற்காக இல்லை. ஒன்பது வருஷமாக விழ விழ எழும்பிய மனுஷர். ஆறாந்தரமும் விழுந்தவர் பந்தைத் தானாகக் கொடுப்பாரா?

புதன்கிழமை காலை அவர்கள் கராஜுக்கு வந்தபோது, நான் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு காரின் பின் இருக்கையில் இருந்தேன்.

"மாமி, எங்க போறியள்?"

"டவுன்ரவுன் பாத்துக் கனகாலம்."

ஜெனாட் காரை எடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் இரண்டு நாளாகச் சோறு கறியைப் பற்றி மட்டும்தான் கதைத்திருந்தார்கள்.

டொக்டரின் காத்திருக்கும் அறையில் சூடு கூடப் போட்டிருந்தார்கள். நான் கோட்டைக் கழற்றினேன். ஜெனாட் கழற்றினாள். ராகுலன் கழற்றவில்லை. நெற்றியில் வியர்வை. இடது கையை மடியில் வைத்து, வலது கையால் மூடியிருந்தார்.

"தம்பி, கையைக் காட்டுங்கோ."

"என்ன மாமி?"

"இடது கை. சட்டையை மேல இழுங்கோ."

"அது பழைய நோ. சும்மா ரேப் சுத்தினனான்."

அந்த வெள்ளை ரேப், துணி ஒட்டுநாடா, எனக்குத் தெரியும். மட்சுக்கு இறங்க முன்னர் மணிக்கட்டில் சுற்றி, கறுப்புப் பேனையால் அதில் எழுதிக்கொள்வார்கள். தாயின் பெயர், பிள்ளையின் பெயர். ராகுலன் எப்போதும் ஜெனாட்டின் பெயரை எழுதுவார். ரீவியில் அதைப் பெருப்பித்துக் காட்டிய நாளில் அவள் அழுதாள்.

"ஜெனாட்டின்ர பேர்தானோ எழுதியிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

ராகுலன் அவளைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே சொன்னாள்.

"இருக்கட்டும், அம்மா. அவர் விரும்பினபடி செய்யட்டும். நான் பிளேன் ரிக்கெற்றைத் தேடுறன்."

பிறகு ஒரு சத்தம் கேட்டது. ரேப்பை மயிரோடு சேர்த்துப் பிய்க்கிற சத்தம். சுற்றுச் சுற்றாகப் பிய்த்தார். உள்சுற்றில் எறும்புபோல எழுத்துகள். ஆறு வரி. உருண்டையாக்கி என் கையில் வைத்தார். நான் கைப்பையைத் திறந்து செபமாலைக்குப் பக்கத்தில் போட்டுப் பூட்டினேன்.

உள்ளேயிருந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஐம்பது நிமிஷம். ஜெனாட் ஒரு ரிக்கெற்றும் தேடவில்லை. வெளியே வந்தபோது ராகுலன் கோட்டைக் கையில் வைத்திருந்தார்.

"அஞ்சில எத்தினை?" என்றேன்.

"ரெண்டு. இன்னொரு வரி வாசிச்சுப் பாத்தவர். அதிலயும் ரெண்டு. பேந்து மாசிச் சோதினைக் கதையையும் சொன்னன், அதுக்கு முதல் எட்டு வருசக் கதையையும் சொன்னன்."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"பேனையை மூடி வைச்சிட்டார்."

ஜெனாட் எழும்பினாள்.

"கையெழுத்து வைக்கமாட்டாராம்" என்றார் ராகுலன் அவளைப் பார்த்து. "ஸ்கான் எடுக்கவேணுமாம். இனி ஒருக்கா தலை படக்கூடாதாம். மட்ச் மட்டுமில்லை, கராஜ் கதவுகூடப் படக்கூடாதாம். வீடு தாறம் எண்டவை, ஜெனாட். நீ வேலையையும் விடுறன் எண்டு சொல்லிப்போட்டாய்."

"சொன்னதுதானே. விடேல்லை எண்டு திருப்பிச் சொல்லுவன்." அவருடைய கையிலிருந்த கோட்டை வாங்கினாள். "கார் திறப்பு என்னட்டை இருக்கு. வா."

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. பின் இருக்கையில் இருந்தபடி சொன்னேன்: "தம்பி, டொக்டர் தந்த பேப்பரை ஒருக்காத் தாங்கோ."

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலால் நீட்டினார். இரண்டு என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கத்து மோர்னிங்சைட் வரும்வரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மாசிக் கதை இருந்தது. எட்டு வருஷக் கதையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேனாட் வழக்கம்போல இரண்டு மணிக்கு வந்தார். வரமாட்டார் என்று நினைத்தேன். ராகுலன் கீழே வரமாட்டார் என்றும் நினைத்தேன். இரண்டு பேரும் வந்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் ராகுலன் கூடக் கேட்டார். கையிலிருந்து ஒன்றை உருவினார். கவிழ்த்து வைக்காமல், முகம் மேலே இருக்க மேசை நடுவில் வைத்தார். ஆட்டின் இனத்தில் ஒன்பது.

"தம்பி, திறந்து விளையாடுறதோ?" என்றார் பேனாட். "விதியில இருக்குத்தான். ஆனா நாங்கள் எல்லாரும் கண்டிட்டமே. வெல்லுறது கஷ்டம்."

"தெரியும் அங்கிள். வெல்லாட்டிப் பரவாயில்லை."

"இதில கள்ளம் எங்க இருக்கு எண்டு பாக்கிறன்" என்றார் என் கணவர். குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார்.

நான் ராகுலனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளக் கைச் சட்டை போட்டிருந்தார்.

"மாமி இன்னும் நம்பேல்லை" என்றார் அவர், ஜெனாட்டைப் பார்த்து.

"அம்மா நற்கருணையையே ரெண்டு தரம் திருப்பிப் பாக்கிற ஆள்" என்றாள் அவள். தேத்தண்ணிக் கோப்பையை அவருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சட்டைக் கையை மேல இழுங்கோ" என்றேன்.

இரண்டையும் முழங்கைவரை இழுத்தார். இடது மணிக்கட்டில், ரேப் பிய்த்த இடத்தில், மயிரில்லாத பட்டை ஒன்று வளையல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"சரி" என்றேன். "முதல் கடதாசியைப் போடுங்கோ."